ஒரு கண்ணு பார்வை கம்மின்னா லோரி வேலை கிடைக்காதா?
உங்க அண்ணனுக்கு ஒரு கண்ணு மங்கல், பட்டர்வொர்த்ல லோரி கம்பெனி இன்டர்வியூலயே திருப்பி அனுப்பிட்டாங்க, இது அநியாயம் இல்லையான்னு கேட்டிருக்கீங்க. மலேசியாவுல சரக்கு வண்டி ஓட்டறதுக்கான ஜிடிஎல் லைசன்ஸுக்கு டாக்டர் செக்கப் கட்டாயம், அதுல ஃபெயில்னா கம்பெனிய குத்தம் சொல்ல முடியாது. ஆனா டாக்டர் பாஸ் போட்டு ஜேபிஜேயும் (சாலைப் போக்குவரத்து இலாகா) லைசன்ஸ் குடுத்த பெறகு கண்ண பாத்தே வேணாம்னு சொல்றது எனக்கு சுத்தமா நியாயமா படல. 2008 ஓகேயு (மாற்றுத்திறனாளிகள்) சட்டம் 29வது பிரிவு வேலைல சம உரிமை இருக்குன்னு சொல்லுது, ஆனா மீறினா தண்டனைன்னு ஒன்னும் வைக்கல, பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சொல்ற மலேசிய அரசியலமைப்பு 8(2)லயும் உடற்குறைங்கற வார்த்தையே கிடையாது, அதான் முதலாளிங்களுக்கு பயமே இல்ல. அமெரிக்காவுல 2022லேர்ந்து ஒரு கண்ணு சரியில்லனாலும் மத்த கண்ணு பார்வை 6/12 (சாதாரண கண்ணு 12 மீட்டர்ல படிக்கறத 6 மீட்டர்ல படிக்கற அளவு) இருந்து, பக்கவாட்டுல 70 டிகிரி தெரிஞ்சு, சிக்னல் கலரும் பிரிச்சு சொல்ல முடிஞ்சா டாக்டர் பரிசோதிச்சு ஓட்ட விடறாங்க. அண்ணன மொதல்ல கண் டாக்டர்கிட்ட ரிப்போர்ட் எழுதி வாங்க சொல்லுங்க, வேணாம்னதுக்கு காரணத்த கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க.