படகு டிரெய்லர் பலகைக்கு மேல் என்ன போடலாம்? கேள்வி பதில்

மண்டபம்: அண்ணே, 18 அடி ஃபைபர் படகுக்கு டிரெய்லர் செய்கிறேன். படகு உட்காரும் பலகைக்குக் கார்பெட் சுற்றலாமா, பிளாஸ்டிக் பட்டை அடிக்கலாமா?

நான் பிளாஸ்டிக் பக்கம்தான். கார்பெட் மலிவு, மெத்தென்று இருக்கும், படகில் கீறல் விழாது என்பார்கள். புதுசாக இருக்கும்வரை சரி. அப்புறம் ஒவ்வொரு தடவையும் மணல் நாருக்குள் இறங்கிவிடும். பழைய கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், நறநறக்கும். அதன்மேல் படகை ஏற்றி இறக்குவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். உறிஞ்சிய உப்பும் லேசில் போகாது. நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் வாங்குகிற ஊரில் கார்பெட்டுக்கு எங்கே போவது?

இன்னொன்று, வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கரையோரம் ஆழம் கிடையாது. படகு மிதக்கும்வரை டிரெய்லரைத் தள்ளினால் டிராக்டர் மாட்டிக்கொள்ளும். மிதக்கும் முன்பே படகு வழுக்கி இறங்க வேண்டும், கார்பெட் அதற்கு விடாது. ஹெச்.டி.பி.ஈ. என்ற கெட்டி பிளாஸ்டிக் பட்டை, கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெயிலுக்கு அதுதான் தாங்கும்.

கீழக்கரை: பிளாஸ்டிக்கில் படகு தானாக இறங்கி விழுந்துவிடும் என்கிறார்களே?

விழும். தண்ணீருக்குள் போகும்வரை விஞ்ச் வாரை (படகை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பட்டையை) கழற்றாதீர்கள். ரோட்டில் போகும்போது பின்பக்கமும் இரண்டு கட்டு வேண்டும். மேட்டிலேயே கொக்கியைக் கழற்றிவிடும் அவசரக்காரர்களுக்குக் கார்பெட்டே மேல்.

பாம்பன்: பட்டையைச் சாதாரண ஸ்க்ரூவில் அடிக்கலாமா சார்?

துருப்பிடித்துவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குங்கள். தலை பட்டைக்குள் நன்றாகப் புதைய வேண்டும், துருத்தினால் படகின் அடியைக் கிழிக்கும். துளையிடும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2 மீட்டர் பட்டை, காலைக்கும் மத்தியான வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளும். எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினால் நடுவில் புடைத்துக்கொண்டு எழும்பும். ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள்; மற்ற துளைகளை நீளவாக்கில் இழுத்து, ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்வாக விடுங்கள்.

ஏர்வாடி: பழைய டயர் வெட்டிப் போட்டால்?

வேண்டாம் தம்பி. ரப்பர் படகைப் பிடித்துக்கொள்ளும், வெள்ளை ஃபைபரில் கறுப்புக் கறை ஏறும், தேய்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி குத்தும்.

தொண்டி: என்னுடையது அலுமினியப் படகு. மருந்து ஏற்றிய மரம், மேலே கார்பெட். பரவாயில்லையா?

உடனே மாற்றுங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தின்மேல் ஈரக் கார்பெட் இருந்தால் அலுமினியம் அரிக்கும். படகைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் அடியில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் தெரியும். மருந்து ஏற்றாத மரமும் பிளாஸ்டிக் பட்டையும் போதும்.

தேவிபட்டினம்: பலகைக்குப் பனஞ்சட்டம் ஆகுமா?

வயிரம் பாய்ந்த பனை என்றால் தாராளமாக. ஸ்க்ரூவை நம்பாமல் டிரெய்லர் கம்பியோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பட்டையை மேல்முகத்தில் மட்டும் அடியுங்கள், சுற்றி மூடினால் உள்ளே தண்ணீர் தங்கிவிடும்.