ஆய்விதழ்த் தரவுத்தளங்கள்: கேட்டவர்களுக்கு நூலகரின் பதில்கள்

கேள்வி: சிலப்பதிகாரத்தைப் பற்றி ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தேடினால் சில கட்டுரைகளே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்களா?

இல்லை. தளம் தேடுவது நீங்கள் தட்டிய எழுத்துகளையே. அவற்றின் பொருளை அது அறியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றுவோர் அந்நூற்பெயரை ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவர். மற்றவர்கள் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்குவர். நடுவில் வரும் தகரத்தை எழுதுவதிலும் ஆளுக்கொரு வழி உண்டு. ஆகவே நீங்கள் அறிந்த எல்லா வடிவங்களையும் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மேற்கோள்குறிக்குள் இட்டு, இடையிடையே ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஆர்’ (OR) என்னும் ஆங்கில இணைப்புச்சொல்லைப் பெரிய எழுத்தில் சேர்த்து, ஒரே தேடலாகக் கொடுங்கள். ஏரிப் பாசனத்தை ஆராய்வோருக்கும் இதே இடர் உண்டு: நம் ஏரியை ஆங்கில ஆய்வாளர்கள் பெரும்பாலும் ‘டேங்க்’ என்றே எழுதுவதால், ‘லேக்’ என்று தேடுபவருக்கு முக்கியமான கட்டுரைகள் தப்பிவிடும்.

கேள்வி: ஓர் ஆய்விதழின் அண்மை இதழ்கள் மட்டும் ஜேஸ்டோரில் இல்லையே?

பழைய தொகுதிகள் நூலக அலமாரிகளை அடைத்துக்கொண்டதற்குத் தீர்வாக 1995-இல் தோன்றிய தளம் அது. பல இதழ்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டு இடைவெளியைப் பதிப்பாளர் வைத்திருப்பார். புதியவற்றைப் பதிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து ஒரு கட்டுரையைத் திறந்தால் டாலரில் பணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்ட வேண்டாம். உங்கள் கல்லூரி சந்தா செலுத்தியிருந்தாலும், வீட்டு இணைப்பைத் தளம் அடையாளம் காணாது. நூலகம் தரும் தொலைநிலை உள்நுழைவு வழியாகவே செல்ல வேண்டும். அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அடங்கும். அதில் உங்கள் கல்லூரி சேர்ந்துள்ளதா என நூலகரிடம் கேளுங்கள். சேராவிட்டால், கட்டுரைத் தலைப்பைக் கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் இட்டு, அதன் கீழுள்ள ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்து பாருங்கள். ஆசிரியரே ஏற்றிய இலவசப் படி கிடைப்பது அரிதன்று.

கேள்வி: அப்படியானால் கூகுள் ஸ்காலர் ஒன்றே போதாதா?

ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்றறிய அது மிக நன்று. ஆனால் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் அதில் கலந்தே வரும். ஆகவே அதை மட்டும் நம்பாமல், உங்கள் தலைப்புக்கு நெருங்கிய ஆய்வேடு ஒன்றை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் ‘சோத்கங்கா’ தளத்தில் எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டு, துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் திறந்து பாருங்கள்.