பழைய டிவியைத் திறக்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இனி உள்ளே கை வைக்கலாமா?

வைக்காதீர்கள். பிக்சர் டியூப் டிவியில் இரண்டு இடங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒன்று டியூப். இன்னொன்று பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். 230 வோல்ட்டில் ஓடும் செட்டில் இதில் சுமார் 320 வோல்ட் நிற்கும். எல்லோரும் டியூப்புக்குப் பயந்து இதை மறந்துவிடுகிறார்கள். வோல்ட் குறைவு என்றாலும் இதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் டியூப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதிலும் ஆன் ஆகாத செட்டில் அந்த மின்சாரம் வடிய வழியில்லாமல் அப்படியே கிடக்கும்.

கேள்வி: டியூப்பில் இருக்கும் சார்ஜை எப்படி எடுப்பது?

கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு இருப்பதால் டியூப்பே ஒரு கண்டன்சர்தான். கலர் டிவியில் 20,000 முதல் 30,000 வோல்ட் வரை ஏறும்.

நீளமான பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள தட்டை ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். ஒரு வயரின் முனையை முதலில் டியூப்பின் முதுகில் ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். போர்டில் எங்காவது மாட்டினால் அதிலுள்ள ஐ.சி. (சிப்) போய்விடும். மறுமுனையை ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் கிளிப் போடுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்க்ரூடிரைவரை, டியூப்பில் தடித்த வயர் வந்து சேரும் ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைத்து, உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். 'பட்' என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம்.

அதோடு விடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி செய்யுங்கள், கண்ணாடியில் ஊறிய சார்ஜ் திரும்பி வரும். ஒருமுறை எடுத்துவிட்டோமே என்று நானே டியூப்பைத் தூக்கி, சுருக்கென்று ஷாக் வாங்கியிருக்கிறேன். அந்த அடியைவிடக் கை உதறியதுதான் பெரிய ஆபத்து. டியூப்புக்குள் வெற்றிடம், மெல்லிய கழுத்து எங்காவது இடித்தால் கண்ணாடி சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டியூப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பெரிய கண்டன்சரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் போதாதா?

வேண்டாம். தீப்பொறி பறக்கும், கண்டன்சரும் கெடும். 2,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை (மின்தடை) இன்சுலேட் செய்த வயரில் பிடித்து, கண்டன்சரின் இரு கால்களுக்கும் இடையே வைத்து வடியவிடுங்கள். அப்புறம் மீட்டரில் வோல்ட் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, காப்பாற்றாதா?

உடல் வழியாகத் தரைக்குப் போகும் மின்சாரத்தைத்தான் அது கவனிக்கும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது விழாது. கண்டன்சரில் தேங்கியது அதற்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: எல்.சி.டி. டிவியில் டியூப் இல்லை. பயமில்லைதானே?

டியூப் இல்லை, சரி. பவர் போர்டில் அதே பெரிய கண்டன்சர் இருக்கிறது. அதன் இரு கால்களிலும் மீட்டர் வைத்து, பூஜ்யத்துக்கு வந்த பிறகு போர்டைக் கழற்றுங்கள்.