வண்டிப் பாகங்கள் கழுவும் தொட்டியில் எதை ஊற்றலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெட்ரோலில் கழுவினால் கிரீஸ் நொடியில் கரைந்துவிடுகிறது. கொஞ்சம் கவனமாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. பெட்ரோலின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். எனவே எந்தப் பருவத்திலும், திறந்த தொட்டியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி வந்துகொண்டேயிருக்கும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு படர்ந்து, கேரேஜின் மறுகோடியில் எரியும் வெந்நீர்க் கொதிகலனின் சுடரையோ, ஒரு மோட்டாரின் ஸ்விட்ச்சையோ எட்டிவிடும். நீங்கள் தொட்டியருகே காட்டும் கவனம் அங்கே உதவாது. மேலும், பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மூச்சு வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும்.

கேள்வி: அப்படியானால் மண்ணெண்ணெய், டீசல், மினரல் டர்பென்டைன் ஆகியவற்றில் எது நல்லது?

பதில்: மூன்றும் பெட்ரோலைவிட எவ்வளவோ மேல் என்றாலும், மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மண்ணெண்ணெய்க்கும் சாதாரண மினரல் டர்பென்டைனுக்கும் தீப்பற்று நிலை 38 டிகிரியை ஒட்டியே தொடங்குகிறது. தகரக் கூரை போட்ட கேரேஜ் கோடை நண்பகலில் அந்த வெப்பத்தைத் தொட்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது. டீசல் சற்றுப் பாதுகாப்பானது, ஆனால் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தின் மேல் பெயின்ட்டும் ஒட்டாது, சீலன்ட்டும் ஒட்டாது. என் தேர்வு, பாகங்கள் கழுவுவதற்கென்றே விற்கப்படும், தீப்பற்று நிலை 60 டிகிரிக்கு மேல் உள்ள, வாசனை குறைந்த கரைப்பான். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். கெட்டிப்பட்ட கிரீஸை முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, பாகத்தை ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வாங்குமுன் தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளில் தீப்பற்று நிலை எத்தனை டிகிரி என்று பாருங்கள். டப்பாவின் மேலுள்ள விளம்பர வாசகம் எதையும் சொல்லாது.

இன்னொன்று: எந்தக் கரைப்பானையும் காற்றழுத்தத் துப்பாக்கியால் பீய்ச்ச வேண்டாம். நுண்துளிகளாகச் சிதறும் திரவம் தன் தீப்பற்று நிலைக்குக் கீழேயும் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீரில் கலக்கும் காரக் கரைசலில் ஊறவைத்த அலுமினிய கார்புரேட்டர் கறுத்துவிட்டது. ஏன்?

பதில்: காஸ்டிக் சோடா போன்ற வலுவான காரம் அலுமினியத்தை அரித்து, கூடவே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். தண்ணீர்வழிக் கரைசல் தீக்கு அஞ்ச வேண்டாத நல்ல வழிதான். அலுமினியத்துக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பதை வாங்கி, அவர் சொல்லும் அளவுக்கு மட்டும் சூடாக்கிப் பயன்படுத்துங்கள். இரும்புப் பாகங்களை உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசாவிட்டால், சிறிது நேரத்திலேயே துரு தலைகாட்டும்.

கேள்வி: பிரேக் பாகங்களையும் அதே தொட்டியில் போடலாமா?

பதில்: கூடாது. பிரேக் சிலிண்டர்களில் பெரும்பாலும் உள்ள ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர், பெட்ரோலியக் கரைப்பான் பட்டால் உப்பி வடிவம் கெடும். அவற்றைப் புதிய பிரேக் திரவத்தால் கழுவுவதே நல்லது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்திய பாகத்தை ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் சில துளிகள் வெப்பத்திலும் ஆர்க்கின் ஒளியிலும் சிதைந்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

கேள்வி: பாகங்கள் மேல் கரைப்பானைப் பாய்ச்ச, தண்ணீருக்கான சிறிய மூழ்கு பம்ப்பைத் தொட்டியில் இறக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் சீலும் ஒயர் உறையும் கரைப்பானில் இளகிவிடும். பிறகு மின்சாரமும் எரிபொருளும் ஒரே தொட்டியில்.

கேள்வி: கறுத்துப்போன கரைப்பானை என்ன செய்வது?

பதில்: உடனே தூக்கியெறிய வேண்டியதில்லை. மூடிய உலோகக் கலனில் சில நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததைப் பெயின்ட் வடிகட்டியில் ஊற்றி மீண்டும் பயன்படுத்தலாம். கசடை அபாயக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். குளோரின் கலந்த எதையும் அதோடு சேர்க்காதீர்கள், ஏனெனில் சிறிதளவு கலந்தாலும் அந்தக் கலன் முழுவதையும் மறுசுழற்சிக்கு ஏற்க மறுத்துவிடக்கூடும்.