வயல் பாதைக்கு எந்த ஜாக்கி?

கேள்வி: வயல் பாதையில் ஓடும் என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு, கைப்பிடியை அடித்து ஏற்றும் நான்கடி உயர ஹை-லிஃப்ட் வகை ஜாக்கி வாங்கலாமா? (மன்னார்குடி)

பதில்: வாங்கலாம், ஆனால் முதலில் குனிந்து வண்டியைப் பாருங்கள். இந்த ஜாக்கி பம்பரையோ பக்கச் சட்டத்தையோ பிடித்துத்தான் தூக்கும். ஆகவே பம்பர் பிளாஸ்டிக்காக இருந்தால், சேஸியோடு போல்ட் போட்ட இரும்பு பம்பரோ, சக்கரத்தையே பற்றித் தூக்கும் பட்டையோ இல்லாமல் 13 கிலோ இரும்பைச் சுமந்து திரிவதில் பயனில்லை. 48 அங்குல அசல் ஹை-லிஃப்ட் சுமார் 2,100 கிலோ தாங்கும். உங்கள் வண்டியின் ஒரு மூலையைத் தூக்க அது தாராளம். நம் பகுதியில் தோற்பது ஜாக்கியன்று, மண்தான். அதன் அடித்தட்டு ஏறத்தாழ ஏழுக்கு நான்கு அங்குலமே. சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு வரப்போரக் களிமண்ணில் அதை வைத்துக் கைப்பிடியை அடித்தால், வண்டி எழும்பாமல் தட்டுதான் புதையும். இரண்டு அங்குல கனத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை வைத்தால், அதே சுமை பத்து மடங்குக்கும் மேலான பரப்பில் பரவும். பலகையையும் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: மூன்று டன் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, பெயரில்லாத ஜாக்கி பாதி விலைக்குக் கிடைக்கிறது. (திருவாரூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: வாங்கிய மூன்றாம் வாரமே ஜாக்கியின் பின் (pin) வளைந்துவிட்டது. ரசீது வைத்திருக்கிறேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் கடைக்காரர் காட்டுகிறார். (கும்பகோணம்)

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீது தராததும் அப்படியே. நான் ஒருமுறை ரசீது கேட்காமல் வாங்கிய ஸ்க்ரூ ஜாக்கியின் மரை இரண்டாம் முறையே தேய்ந்து, ஏற்றிய வண்டி கண்ணெதிரே இறங்கியது. கடையில் என்னை அடையாளமே தெரியாது என்றார்கள். உங்களிடம் ரசீது இருக்கிறது. வளைந்த பின்னைப் படமெடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஹை-லிஃப்ட் ஜாக்கியை இறக்கும்போது கைப்பிடி துள்ளித் தாடையில் அடித்தது. அதன் கையேட்டை நான் பிரிக்கவே இல்லை. நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: கையேட்டைப் பிரிக்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு யாரிடம் கேட்பது? கைப்பிடியைச் செங்குத்துக் கம்பியோடு ஒட்டி நிறுத்திய பிறகே ஏற்ற, இறக்கத் திசை மாற்றும் கொண்டியைத் தொட வேண்டும்; தலை எப்போதும் கைப்பிடியின் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். சேறு காய்ந்து பின்கள் சிக்கினாலும் ஜாக்கி நழுவும். ஒவ்வொரு முறையும் கழுவி எண்ணெய் விடுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் ஒருபோதும் நுழையாதீர்கள்.