காமிக்ஸ் கேள்வி–பதில்: கூட்டம் முதலில் சேர்ந்தது, ஹீரோ பிறகு வந்தார்

பேட்வுமன் பெண்களை நேசிக்கிற பெண் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த மாதம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். அந்தக் காலத்துக் கதைகளில் இதெல்லாம் கிடையாது. இப்போது மட்டும் ஏன் எல்லா ஹீரோக்களையும் தன்பால் ஈர்ப்பாளர் ஆக்குகிறார்கள்?
— வங்கி ஊழியர், மதுரை

எல்லா ஹீரோக்களும் இல்லை சார், மொத்தக் கூட்டத்தில் இன்றைக்கும் அவர்கள் சிறுபான்மைதான். அந்தக் காலத்து அமெரிக்க ஹீரோக்களில் கிடையாது என்பது உண்மை, ஆனால் தானாக இல்லாமல் போகவில்லை, தடை போட்டு இல்லாமல் ஆக்கினார்கள். 1954-இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார், பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது தன்பால் ஈர்ப்புள்ள இருவரின் கனவு மாதிரி இருக்கிறது என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. அமெரிக்க செனட் விசாரணை வேறு நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் அரசாங்கம் சட்டம் போடுவதற்கு முன் தாங்களே ஒரு விதிப்பட்டியல் போட்டுக்கொண்டார்கள், காமிக்ஸ் கோட் என்று பெயர். பாலியல் வக்கிரமோ அதைப் பற்றிய சாடையோகூட வரக்கூடாது என்றது அது, தன்பால் ஈர்ப்பையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள். அட்டையில் அந்த கோடின் ஒப்புதல் முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் எடுக்கத் தயங்கினார்கள், அவர்கள் எடுக்காவிட்டால் கடைக்கு எப்படிப் போகும்? 1989-இல் விதிகளைத் திருத்தும்வரை இதுதான் நிலை.

நார்த்ஸ்டார் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். 1979-இல் எக்ஸ்-மென் இதழில் வந்த கனடா நாட்டு ஹீரோ. இவர் தன்பால் ஈர்ப்பாளர் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துதான் வரைந்தேன் என்று அவரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பைர்ன் பிற்பாடு சொன்னார், ஆனால் அதைக் கதையில் எழுத வழியில்லை, சாடைமாடையாக எதையாவது வைத்துவிட்டு நகர வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் நார்த்ஸ்டாருக்கு என்னவென்று தெரியாத ஒரு நோய் வருகிறது, இருமுகிறார், மெலிகிறார். எய்ட்ஸ் என்று கொண்டுபோகத்தான் அப்போதைய கதாசிரியர் பில் மாண்ட்லோ நினைத்திருந்தார். மேலிடம் ஒப்பவில்லை. கடைசியில் நார்த்ஸ்டார் பாதி தேவதை இனத்தைச் சேர்ந்தவர், வேறு உலகத்து ரத்தம், அதனால்தான் உடம்பு சரியில்லை என்று கதையைத் திருப்பிவிட்டார்கள்! நண்பர்களை ஒவ்வொருவராகப் பறிகொடுத்துக்கொண்டிருந்த வாசகர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். 1992-இல் அவருடைய குழுவின் தொடரான ஆல்ஃபா ஃப்ளைட் 106-ஆம் இதழில்தான், ஒரு சண்டைக்கு நடுவே, அவர் தன் வாயால் சொன்னார். பிறந்து 13 வருடம் கழித்து. மதுரை சாருக்கு இப்போது மட்டும் என்று தோன்றுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் யாருமே எழுதவில்லையா?
— பொறியியல் மாணவர், கோவை

நிறையப் பேர் எழுதினார்கள் தம்பி, முத்திரை தேவைப்படாத இடங்களில். 1972-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெண்களே சேர்ந்து நடத்திய விமன்ஸ் காமிக்ஸ் முதல் இதழில் ட்ரினா ராபின்ஸ், சாண்டி என்ற பெண் தான் பெண்களை நேசிப்பவள் என்று வெளியே சொல்வதாக ஒரு சின்னக் கதை வரைந்தார். நல்லெண்ணத்தோடு வரைந்ததுதான். ஆனால் மேரி விங்ஸ் என்ற இளம்பெண்ணுக்கு அது போதவில்லை, வெளியிலிருந்து பார்த்து வரைந்தது மாதிரி இருக்கிறதே, எங்கள் வாழ்க்கை இப்படி இல்லையே என்று தோன்றியது, அதனால் 1973-இல் தானே ஒரு முழுப் புத்தகம் வரைந்தார். எங்கே அச்சடித்தார் தெரியுமா, பெண்கள் கூட்டுறவாக நடத்திய ஒரு கராத்தே பயிற்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில்!

அப்புறம் 1980-இல் தன்பால் ஈர்ப்பாளர்களே வரைகிற கே காமிக்ஸ் தொடர் ஆரம்பித்தது. அதைத் தொகுக்க வந்தவர் ஹோவர்ட் க்ரூஸ், அலபாமாவில் ஒரு பாதிரியாரின் மகன். அந்த வேலையை ஒப்புக்கொண்டால் தொழிலில் எல்லோருக்கும் தன்னைப் பற்றித் தெரிந்துவிடும், மற்ற வாய்ப்புகள் போய்விடலாம், அதெல்லாம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். ஆண்களும் பெண்களும் சரிபாதியாக இருக்க வேண்டும், உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள் என்பதே அவர் கேட்டது. அந்த இதழ் கையில் கிடைத்த பிறகுதான் நாமும் இப்படி வரையலாம் என்று தோன்றியதாகச் சொன்னவர் அலிசன் பெக்டெல். 1983-இல் அவர் தொடங்கிய தொடர் 25 வருடம் ஓடியது. ஒரு படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக்கூடாது என்று இன்றைக்கு சினிமாக்காரர்கள் எல்லாம் சொல்கிற பெக்டெல் சோதனை, 1985-இல் அந்தத் தொடரில் வந்த ஒரு ஒற்றைப் பக்கம். 2006-இல் தன் அப்பாவைப் பற்றி அவர் எழுதிய ஃபன் ஹோம் பிற்பாடு நாடகமாகி 2015-இல் டோனி விருதும் வாங்கியது. இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம், ஒருவர் வரைந்ததைப் பார்த்துத்தான் இன்னொருவர் வரைந்திருக்கிறார், எந்தப் பெரிய கம்பெனியும் கூப்பிட்டு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

காமிக் கான் என்றால் வேஷம் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?
— பள்ளி ஆசிரியை, திருச்சி

என்னைக் கேட்டால் எல்லா சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது டீச்சர். அமெரிக்காவில் சான் டியாகோ காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் மாநாடு 1970-லிருந்து நடக்கிறது. 1988-இல் ஆண்டி மாங்கல்ஸ் என்ற எழுத்தாளர் அங்கே காமிக்ஸில் தன்பால் ஈர்ப்பாளர்கள் என்ற தலைப்பில் ஒரு கலந்துரையாடல் வைத்தார். மேடையில் சில நாற்காலிகள், ஒரு மைக், எதிரே வாசகர்கள், அவ்வளவுதான். ஆனால் காலத்தைப் பாருங்கள், எய்ட்ஸ் கொன்று குவித்துக்கொண்டிருந்த வருடங்கள், வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று ஓவியர்களே பயந்த காலம். எங்கோ ஒரு சின்ன ஊரில் இந்த மாதிரி கதை படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அந்த அறைக்குள் நுழைந்து தன்னைப் போன்றவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். அந்த நிகழ்ச்சி பிறகு வருடா வருடம் நடந்தது.

2003-இல் ப்ரிஸம் காமிக்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு உருவாகி, சான் டியாகோ அரங்கத்துக்குள்ளேயே ஒரு ஸ்டால் போட்டது. தனியாக மேஜை எடுக்கக் காசில்லாத ஓவியர்கள் அங்கே மாறி மாறி உட்கார்ந்து தங்கள் புத்தகத்தை விற்கலாம், புதிதாக வருகிறவர்களுக்கு அச்சுச் செலவுக்குக் கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் ஒரு ஓவியருக்கு முதல் பத்து வாசகர்கள் கிடைப்பது இப்படிப்பட்ட மேஜையில்தான். நியூயார்க்கில் கீக்ஸ் அவுட் என்ற குழு பொதுமக்களிடம் பணம் திரட்டி 2015-இல் புரூக்ளினில் ஃபிளேம் கான் என்று தனி மாநாடே நடத்தியது. அங்கே ஒரு பையன் வொண்டர் வுமன் உடையில் வந்தால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. வேஷம் என்று சொன்னீர்களே, அதையும் லேசாக விட முடியவில்லை, தான் யார் என்று தனக்கே நிச்சயமில்லாத வயதில் ஒரு நாள் முழுக்க வேறொருவராக நடந்து பார்க்க, யாரும் கேலி செய்யாத இடம் வேறு எங்கே கிடைக்கும்?

அங்கே கேட்கிற கேள்விகளுக்குப் பலனும் உண்டு. கலிஃபோர்னியாவில் நடக்கும் வொண்டர்கான் மாநாட்டில் ஒரு ரசிகர், பெண்களில் இருக்கிற அளவுக்குக்கூட ஆண் ஹீரோக்களில் ஏன் தன்பால் ஈர்ப்பாளர்கள் இல்லை என்று கேட்க, எழுத்தாளர் கிரெக் ரக்கா அதற்குப் பதில் சொன்னார், திருநர் பாத்திரம் வருவதும் உண்மையான மாற்றத்தின் அடையாளம் என்பது அதில் ஒரு பகுதி. பக்கத்தில் இருந்த கெயில் சிமோன் மனதில் அந்தப் பேச்சு தங்கிவிட்டது. 2013-இல் அவர் எழுதிய பேட்கேர்ள் 19-ஆம் இதழில் அலிஷியா யோ, பேட்கேர்ளின் அறைத்தோழி, தான் ஒரு திருநங்கை என்று தோழியிடம் சொல்கிறார். அந்த மாநாட்டுப் பேச்சுதான் தூண்டியது என்று சிமோனே சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்ட அந்த ரசிகர் யாரென்று தேடிப்போய்க் கைகுலுக்க ஆசை எனக்கு.

நான் பிஎல் மங்கா நிறையப் படிப்பேன். அது தன்பால் ஈர்ப்பாளர்களின் குரல்தானா?
— கல்லூரி மாணவி, சேலம்

பிஎல் என்றால் பாய்ஸ் லவ், ஆணும் ஆணும் காதலிக்கிற ஜப்பானியக் காமிக்ஸ். பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காக வரைகிற காதல் கதைகள் அவை. 1975 டிசம்பரில் ரசிகர்கள் தாங்களே அச்சடித்த காமிக்ஸை விற்கிற காமிகெட் சந்தை டோக்கியோவில் முதன்முதலில் நடந்தபோதே வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, விரும்பிப் படியுங்கள். கூடவே கெங்கோரோ தகாமே வரைந்த என் சகோதரனின் கணவன் என்ற மங்காவையும் படித்துவிடுங்கள், அவர் தன்பால் ஈர்ப்பாளர். இறந்துபோன தம்பியின் கணவர் கனடாவிலிருந்து வந்து நிற்கிறார், அண்ணனுக்கு எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை, அவருடைய சின்ன மகள் மட்டும் வந்தவரோடு உடனே ஒட்டிக்கொள்கிறாள். 2018-இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியது.

சூப்பர்மேன் மகன் இன்னொரு பையனை முத்தமிட்டதெல்லாம் விற்பனைத் தந்திரம்தானே?
— வாசகர், ஈரோடு

விற்பனை இல்லாமல் அவர்கள் எதையும் செய்வதில்லை, ஹீரோவுக்குக் கல்யாணம் செய்து வைப்பதும் சாகடித்துத் திரும்ப எழுப்புவதும்கூட அதற்குத்தான். இதை மட்டும் தந்திரம் என்பது நியாயமில்லை. சூப்பர்மேன் மகன் ஜான் கென்ட் பற்றிய அறிவிப்பு 2021 அக்டோபரில் உலகம் முழுக்கச் செய்தியானது, அந்தத் தொடர் 18 இதழ்களோடு முடிந்தபோது அந்த அளவுக்குச் செய்தி ஆகவில்லை. என் வருத்தம் அந்த இடத்தில்தான். பேட்வுமனை எடுத்துக்கொள்ளுங்கள், 2013-இல் அவருக்கும் அவருடைய காதலிக்கும் கல்யாணம் செய்து வைக்க எழுதியவர்கள் விரும்பினார்கள், பதிப்பாளரான டிசி கம்பெனி சம்மதிக்கவில்லை, அவர்கள் தொடரை விட்டே போய்விட்டார்கள். ஹீரோக்களுக்கு நிம்மதியான சொந்த வாழ்க்கை இருக்கக்கூடாது என்பதுதான் கம்பெனி சொன்ன விளக்கம். அதே விதியை மற்ற ஜோடிகளுக்கும் எப்போதும் போட்டிருந்தால் நம்பியிருப்பேன். அட்டையில் முத்தம் வந்ததா என்று நான் பார்ப்பதில்லை, மூன்று வருடம் கழித்து அந்தப் பாத்திரம் கதையில் இருக்கிறதா, அதற்கென்று சொந்த வேலை, சொந்தச் சண்டை, சொந்த நட்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் ஆர்ச்சி புத்தகத்தையே தடை செய்தார்கள், நினைவிருக்கிறதா?
— வாசகி, சிங்கப்பூர்

நன்றாக நினைவிருக்கிறது. 2010-இல் ஆர்ச்சி காமிக்ஸில் வந்த கெவின் கெல்லர், நல்ல பையன், பின்னாளில் ராணுவத்துக்குப் போகிறவன், 2012 தொடக்கத்தில் வந்த இதழில் அவனுக்கும் இன்னொரு ஆணுக்கும் கல்யாணம். அமெரிக்காவில் ஒரு அமைப்பு கடைகளுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கியது, இதழ் விற்றுத் தீர்ந்தது. அந்தக் கல்யாணம் இருந்த தொகுப்பைத்தான் உங்கள் ஊரில் தடுத்தார்கள், 2014-இல் அது வெளியே தெரிந்தது.

பிரேசிலின் ரியோ நகரில் 2019 செப்டம்பரில் நடந்தது இதைவிடப் பெரிது. புத்தகக் கண்காட்சியில் இருந்த ஓர் அவெஞ்சர்ஸ் தொகுப்பில் விக்கன், ஹல்க்லிங் என்ற இரண்டு இளம் ஹீரோக்கள் முத்தமிடுகிற ஒரு கட்டம். மேயர் அதை அகற்றச் சொன்னார். அடுத்து ஃபோல்யா நாளிதழ் அந்தக் கட்டத்தை முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டது, ஃபெலிபே நெட்டோ என்ற யூடியூபர் கண்காட்சியில் இருந்து இந்த வகைப் புத்தகங்கள் 14,000 வாங்கி வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார், உச்ச நீதிமன்றமும் மேயருக்கு எதிராக நின்றது. வாசகர்கள் கூட்டமாக நின்றால் இவ்வளவு நடக்கும்.

என் பிள்ளைக்கு 17 வயது. சென்னை காமிக் கானுக்கு வானவில் பேட்ஜ் குத்திக்கொண்டு போக வேண்டும் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.
— ஒரு அம்மா, சென்னை

பயம் இருக்கத்தான் செய்யும் சகோதரி. 2024 பிப்ரவரியில் சென்னையில் முதல் காமிக் கான் நடந்தது, கூட்டம், சத்தம், வரிசை எல்லாம் உண்டு, ஆனால் உங்கள் பிள்ளையின் வயதுக்காரர்களுக்கு அதைவிடப் பழக்கமான இடம் கிடையாது. முதல் நாள் நீங்களும் கூடப் போய் வாருங்களேன், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்காமல், உணவுக்கடைப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். வேஷம் போட்டிருப்பதால் தொடலாம் என்று அர்த்தமில்லை என்று 2014-இல் நியூயார்க் காமிக் கானில் வாசலிலேயே பலகை வைத்தார்கள், அதைப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள், யாராவது கை வைத்தால் சத்தம் போடலாம், அங்கே இருக்கிற பணியாளர்களைக் கூப்பிடலாம். இன்னொன்று முக்கியம். அங்கே எடுக்கிற படங்களைப் பிள்ளையைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெரியப்பாவுக்கு எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அந்த பேட்ஜை ஒளிக்காமல் உங்களிடம் காட்டியிருக்கிறதே, அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள்.

இரண்டு பெண்களைப் பற்றி 12 பக்கக் கதை வரைந்து வைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?
— வயது 19, திருநெல்வேலி

பதிப்பகத்துக்காகக் காத்திருக்காதே தங்கச்சி. அம்ருதா பாட்டீலின் காரி 2008-இல் ஆங்கிலத்தில் வந்தது, பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை மையமாக வைத்த இந்திய கிராஃபிக் நாவல், அதைத் தேடிப் படி. மும்பையிலிருந்து வரும் கேசி இதழ் இந்த மாதிரிப் படக்கதைகள் வெளியிட்டிருக்கிறது, தன்பால் ஈர்ப்பாளர், திருநர் போன்றோரின் எழுத்துக்காகச் சென்னையில் 2018-இல் தொடங்கிய குயர் இலக்கிய விழா இருக்கிறது, அங்கெல்லாம் போய் ஆட்களைப் பார். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, 12 பக்கத்தோடு அட்டைக்கு 4 பக்கம் சேர்த்தால் 16, ஏ4 தாளில் முன்னும் பின்னும் அச்சடித்து நடுவில் மடித்தால் 4 தாள்தான் ஆகும். பக்க வரிசையை ஒரு வெற்றுத்தாளில் மடித்துப் பார்த்துச் சரி செய்துகொள், ஜெராக்ஸ் கடையில் 30 பிரதி எடுத்து ஸ்டேப்ளர் போடு, சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர் போட்டுக்கொள். விலையைப் பின் அட்டையில் எழுது, சும்மா கொடுக்காதே. ஒரு பிரதியை எனக்கு அனுப்பு, காசு அனுப்பி வைக்கிறேன்.