‘இன்ஜினே போச்சு’ என்றால், எதை அளந்தார்கள்? – கேள்வி பதில்

பதினோரு வருடம் ஒரு கார் டீலரின் சர்வீஸ் பிரிவில் எஸ்டிமேட் போட்டவன் நான். இப்போது பெருந்துறைப் பக்கம் சொந்தப் பட்டறை. இன்ஜின் செலவு பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையம், மஞ்சள் விவசாயி: அண்ணா, வணக்கமுங்க. எட்டு வருசப் பெட்ரோல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. பண்ணாரி தாண்டி மலை ஏறும்போது சூட்டு முள் மேலே போயிருச்சுங்க. குழந்தைக இருந்ததால நிறுத்தாம திம்பம் வரைக்கும் ஓட்டிட்டேன். மறுநாள் வெள்ளைப் புகை, இழுவையே இல்லை. டீலர்ல முழு இன்ஜினும் மாத்தணும், 1,92,000 ஆகும்ங்கிறாங்க. கையெழுத்துப் போடலாமுங்களா?

இன்றைக்குப் போடாதீங்க. ‘பரிசோதனைக்கு மட்டும் சம்மதம்’ என்று ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் சீட்டு) உங்கள் கையாலேயே எழுதி, அதற்குக் கீழே போடுங்கள்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்ஜின் கீழ் கியரில் முக்கி முக்கி ஏறும். அப்போது சூடேறினால் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்தான். அலுமினிய ஹெட் சூட்டில் நெளிந்துவிடும். நெளிந்த இடத்தில் கேஸ்கெட் பிடிக்காமல், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். வெள்ளைப் புகை அதனால் வருவது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்து, ஆயில் அளக்கும் கம்பியிலும் அதே நிறம் தெரிந்தால், கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். மூடியில் மட்டும் லேசாக இருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், பயப்படாதீங்க.

இனி அவர்களிடம் கேட்க வேண்டியது: கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்கிற சோதனை) எடுத்தீர்களா, நாலு சிலிண்டருக்கும் ரீடிங் என்ன? நல்ல பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டருக்கு 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரைக்கும் காட்டும். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால், அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். கூலன்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. கலந்திருந்தால் மஞ்சளாக மாறும், சில நிமிட வேலைதான்.

இதெல்லாம் பார்த்தபிறகுதான் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றித் துடைத்து, அதன் முகத்தில் நேர் ஸ்கேலை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் என்கிற, கனம் எழுதிய மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். எத்தனை நெளிவு வரைக்கும் தாங்கும் என்பது அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், பல இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான். அதைத் தாண்டியிருந்தால் லேத் பட்டறையில் முகத்தைச் சீவி எடுக்கலாம். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் கையேட்டில் கணக்கு உண்டு. கோயம்புத்தூர் பம்பு மோட்டார் செய்து பெயர் வாங்கிய ஊர், நம் பக்கம் மிசின் வேலைக்கு ஆள் பஞ்சமே கிடையாது.

முழு இன்ஜின் எப்போது நியாயம்? பிளாக்கில் விரிசல், போரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு, பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டின் பேரிங் உருகி கிராங்க்கும் கெட்டது, இப்படி ஏதாவது கண்ணுக்குக் காட்டினால் நானும் மாற்றத்தான் சொல்வேன். ரீடிங்கை வாங்கி எனக்குச் சொல்லுங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: வண்டியை வெளியே எடுத்துப் போறேன்னு சொன்னா, பிரிச்சுப் பார்த்ததுக்கே 14,000 கொடுத்தாத்தான் விடுவோம்ங்கிறாங்க. இது சரிங்களா?

பிரிக்கச் சொல்லி நீங்கள் சம்மதித்திருந்தால் அதற்குக் கூலி உண்டு. செய்த வேலைக்குப் பணம் வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் செய்த வேலைக்கு மட்டும்தான், எஸ்டிமேட்டில் எழுதிய வேலைக்கு இல்லை. எத்தனை மணி நேரக் கூலி, மணிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கிற பணத்துக்குப் பில், கழற்றிய பாகமெல்லாம் பெட்டியில், கூடவே பரிசோதனை ரீடிங். இந்த மூன்றும் வராமல் வண்டியை நகர்த்தாதீங்க.

கோவை, ஐடி ஊழியர்: லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் மழைத் தண்ணியில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இப்போது 3,10,000 எஸ்டிமேட். இன்சூரன்ஸ்காரர்கள் வராது என்கிறார்கள்.

அந்த ஸ்டார்ட்தான் வண்டியைக் கெடுத்திருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண பாலிசியில் இப்படிப்பட்ட தொடர் சேதம் சேராது, ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அது இல்லையென்றாலும் 3,10,000-க்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைத்து உயரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. போரும் கிராங்க்கும் நன்றாக இருந்தால் ராடும் பிஸ்டனும் மாற்றி, பேரிங் போட்டு முடிக்கலாம். அடுத்த மழையில் அந்தப் பாலத்தைச் சுற்றிப் போங்க. நின்றே போனாலும் சாவியைத் தொடாமல் தள்ளி வெளியே கொண்டுவாங்க.

பேரூர், வாசகர்: ரேடியேட்டருக்குச் சிறுவாணித் தண்ணியே ஊற்றலாமுங்களா? நல்ல தண்ணிதானே.

குடிக்க நல்ல தண்ணிங்க. இன்ஜினுக்குக் கூலன்ட்தான். துரு பிடிக்காமலும் சீக்கிரம் கொதிக்காமலும் காக்கிற மருந்து அதில் இருக்கிறது. போர்வெல் தண்ணி மட்டும் ஊற்றவே ஊற்றாதீங்க, உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

கரூர், பள்ளி ஆசிரியை: நான் போனால் விவரமே சொல்வதில்லை. ‘சாரை வரச் சொல்லுங்க’ என்கிறார்கள். என் பெயரில் இருக்கிற வண்டி. 1,15,000 கேட்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது அம்மணி. நான் வேலை பார்த்த இடத்திலும் இது நடந்தது. வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பார்ட் நம்பர், எம்ஆர்பி, கூலி, ஜிஎஸ்டி தனித்தனியாக. கெட்ட பாகத்தின் போட்டோ. ‘எந்த டெஸ்டில் இது கெட்டது என்று தெரிந்தது?’ என்ற ஒரு வரி. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதிலும் பதிவாகிவிடும். உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். எஸ்டிமேட்டில் இன்னும் 28 போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரோடு, ஜவுளிக் கடைக்காரர்: 1,40,000 கட்டி வேலை முடிச்சேன். இருபது நாள்ல அதே சத்தமுங்க. ‘இது வேற பிரச்சனை’ங்கிறாங்க.

இன்ஜினை வேறு யாரும் பிரிக்க விடாதீங்க, பிரித்தால் சாட்சி போச்சு. சத்தத்தை வீடியோ எடுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் ஓட்டிக் காட்டி, கண்டதை எழுதி வாங்குங்கள். கார் கம்பெனிக்கும் டீலருக்கும் ஒரே மெயிலில் புகார் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சேலம், டீலரிடம் வேலை பார்ப்பவர்: எங்களையெல்லாம் திருடர் மாதிரிப் பேசுறீங்க.

அப்படி நினைத்துப் பேசவில்லைங்க தம்பி. ஹெட்டைச் சீவிப் போட்டு மறுபடி கசிந்தால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார், முழு இன்ஜின் போட்டால் அதற்கு வாரண்டி கொடுக்க முடியும். அந்தப் பயத்தில் நானே பல எஸ்டிமேட் போட்டிருக்கிறேன். சிலது தேவையில்லாதது என்று இன்றைக்குத் தெரிகிறது, அது என்னை உறுத்துகிறது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரண்டு வழியையும், இரண்டு செலவையும், ஒவ்வொன்றிலும் இருக்கிற ஆபத்தையும் வாடிக்கையாளர் முன்னால் வையுங்கள். அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

கோபிசெட்டிபாளையம், மஞ்சள் விவசாயி (மறுபடியும்): அண்ணா, கேட்டேனுங்க. முதல்ல தயங்கினாங்க, அப்புறம் எனக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்தாங்க. 178, 174, 62, 58. பிளாக்கைப் பார்த்தீங்களான்னு கேட்டதுக்கு, இன்னும் ஹெட்டே கழட்டலைங்கிறாங்க.

மூணும் நாலும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறவை. கேஸ்கெட் அவற்றுக்கு நடுவில் போயிருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஹெட்டைக் கழற்றுவதற்கு மட்டும் கூலி பேசிக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்கேல் வைக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று, ஃபீலர் தகட்டில் எழுதியிருக்கிற எண்ணைப் போட்டோ எடுங்கள். மூணாவது, நாலாவது போருக்குள் டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்க.